காப்பி மலையில் மூன்று நாட்கள்

காலையில் எழுந்ததும் ஒரு குவளை காப்பி அருந்தாமல் எந்த வேலையிலும் கை வைக்காத இல்லங்கள் நம் பங்குகளில் அநேகம். அடியேனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆயினும், அந்தக் காப்பி எந்த மரத்தின் நிழலில் விளைந்து, எவருடைய கையால் பறிக்கப்பட்டு நம் வீடு வந்து சேருகிறது என்று எவரேனும் கேட்டிருந்தால், சென்ற தை மாதம் வரையில் என்னால் சரியான விடை கூறியிருக்க முடியாது.

நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில் எனக்கு வலக்கையாக விளங்கிய உபதேசியார் ஒருவர், இப்போது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் மகனோடு வசிக்கிறார். அவருடைய மனைவி வழியில் வந்த மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம்தான் குடும்பத்திற்கு ஆதாரம். தம் திருமணப் பொன்விழாத் திருப்பலியை நான்தான் நிறைவேற்ற வேண்டும் என்று அவர் கடிதம் எழுதியிருந்தார். மறுக்க மனம் வரவில்லை; மூன்று நாள் விடுப்புப் பெற்றுப் புறப்பட்டேன்.

வத்தலக்குண்டில் பேருந்து மாறினேன். வழியில் பட்டிவீரன்பட்டி. மலையில் விளையும் காப்பியைப் பக்குவப்படுத்தும் ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பல தலைமுறைகளாக மலையேறிக் காப்பித் தோட்டம் அமைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் பிறந்த ஊரும் அதுவே. தென்னந்தோப்புகளைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு வெயில் குறைந்து குளிர் கூடுகிறது. பெரும்பாறை வந்ததும் சாலையின் இருமருங்கிலும் காப்பிச் செடிகள். அதற்கு அப்பால் தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்; பின்னர் மங்களம்கொம்பு; அதன்பின் தாண்டிக்குடி. அங்கே காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

உபதேசியார் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் பழைய குரல். "சாமி, நல்லபடியா வந்து சேர்ந்தீங்களா?" என்று கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய முகத்தில் மகிழ்ச்சியோடு ஏதோ ஒரு கவலையும் கலந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

அன்று மாலையே கவலையின் காரணம் தெரிந்தது. அவருடைய பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். தோட்டத்திலுள்ள சில்வர் ஓக் மரங்களையும் பழைய காட்டு மரங்களையும் மொத்தமாகக் கேட்டு ஒரு மர வியாபாரி வந்திருக்கிறார். மகன் விற்றுவிடலாம் என்கிறார். மரங்கள் போனால் வெளிச்சம் வரும், உரம் போட்டால் காய் பெருகும் என்பது அவருடைய கணக்கு. "மரம் போனா தோட்டம் போச்சு" என்பது பெரியவரின் வாதம். இருவரும் பத்து நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இடையில் ஓர் உழவர் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து, சான்றிதழ் பெறும் குழுவில் சேருமாறு மகனை அழைத்திருக்கிறார். "அதெல்லாம் பெரிய எஸ்டேட்காரங்களுக்கு" என்று மகன் திருப்பி அனுப்பிவிட்டார். "நீங்கதான் சாமி ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் உபதேசியார்.

திருமறைக் கல்வியைப் பற்றியென்றால் நான் வார்த்தை சொல்லலாம். காப்பியைப் பற்றி என்ன சொல்வேன்? "முதலில் தோட்டத்தைக் காட்டுங்கள்" என்றேன்.

மறுநாள் காலை, மகனே என்னை அழைத்துச் சென்றார். அறுவடையின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. நான்கு பெண்கள் இடுப்பில் பை கட்டிக்கொண்டு, சிவந்து பழுத்த பழங்களை மட்டும் தேர்ந்து பறித்தார்கள். பச்சைக் காயும் கலந்தால் காப்பியின் சுவை கெடும். ஒரே கிளையில் பழமும் காயும் சேர்ந்திருப்பதால், ஒரு செடியை மூன்று நான்கு முறை தேடி வர வேண்டியிருக்கிறது. நாம் இரண்டு நிமிடத்தில் குடித்து முடிக்கும் குவளைக்குப் பின்னால் இத்தனை நடை இருக்கிறது.

தோட்டம் மூன்றடுக்கு வீடு போல இருந்தது. மேலே வானளாவிய காட்டு மரங்களும் சில்வர் ஓக்கும். அவற்றின் உடலைச் சுற்றி மிளகுக் கொடி. நடுவில் பலா, பட்டர்புரூட், மலைவாழை, இரண்டொரு ஆரஞ்சு மரங்கள். கீழே, சல்லடை வழியாக விழுந்தாற்போன்ற வெயிலில் காப்பிச் செடிகள். காலடியில் மக்கிய சருகு மெத்தை. மேலே எங்கோ ஒரு மலை அணில் கத்தியது.

ஓரிடத்தில் மட்டும் மேற்கூரை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் காற்றில் இரு மரங்கள் விழுந்த இடம் அது. அங்கிருந்த செடிகள் சில வாடி மஞ்சளித்து நின்றன. மகன் ஒரு செடியின் தண்டைக் காட்டினார். பட்டைக்கு அடியில் மேடுமேடாக வளையங்கள். "தண்டு துளைப்பான் சாமி. ஒரு தடவை உள்ளே போயிட்டா செடியைப் பிடுங்கி எரிக்கிறதைத் தவிர வழியில்லை." அரபிக்கா வகைக் காப்பிக்கு நம் நாட்டில் பெரும் பகையாக இருக்கும் வண்டு இது. வெயில் படும் தண்டில்தான் இது விரும்பி முட்டையிடும். ஆகவே, நல்ல நிழலே முதல் காப்பு என்று காப்பி ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகிறார்கள். அந்த வெட்டவெளியைப் பார்த்துவிட்டு நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு பழைய வரலாற்றை நினைவூட்டுவது இங்கே பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைக்காடுகள் காப்பிக்காக மளமளவென்று அழிக்கப்பட்டன. அந்தத் தோட்டங்களில் உழைக்க நம் மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்தார்கள். 1869-இல் அங்கே இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தொழில் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நோயை ஆராய 1880-இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், காற்றைத் தடுக்க மரங்களின்றி மலை முழுவதும் ஒரே பயிரை நெருக்கமாக நட்டதே நோய் பரவ வழிவகுத்தது என்று எடுத்துக்காட்டினார். பலவகை மரங்களுக்கிடையே பயிர் செய்வது பழங்காலத்துப் பத்தாம்பசலித்தனம் அன்று. பட்டறிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஓர் ஓடை. "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். "மருதாநதிக்கு சாமி" என்றார். மருதாநதி அணை அய்யம்பாளையத்தருகே இருக்கிறது. இதே மலைத்தொடரின் மற்ற ஓடைகள் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றன. திண்டுக்கல் நகரத்துக்கு அந்த நீர்த்தேக்கமும் குடிநீர் தருகிறது. மலையில் சருகு மெத்தை இருக்கும்வரை மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல இறங்கும். மரம் போனால் மண்ணும் நீரும் ஒன்றாக அடித்துக்கொண்டு போகும். காப்பிப் பழத்தைத் தோலுரித்த கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டாலோ, நீர் புளித்து நாறி மீன்கள் மடியும். இந்த மூன்று ஏக்கருக்குள் ஒருவர் எடுக்கும் முடிவு, அவரை ஒருநாளும் கண்டிராத மக்களின் குடத்திலும் போய்ச் சேருகிறது.

மாலையில் பொன்விழாத் திருப்பலி. சிற்றாலயம் நிறைந்திருந்தது. விருந்து முடிந்தபின், அதே முற்றத்தில் பாய் விரித்து ஊரார் அமர்ந்தார்கள். உழவர் நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளம்பெண் சான்றிதழைப் பற்றி விளக்கினாள். ஏறத்தாழ நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் ஐந்து ஏக்கருக்கு மேல் இல்லை. நம் நாட்டுக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய சிறுதோட்டக்காரர்களே என்று அவள் கூறினாள்.

அவள் சொன்னதன் சாரம் இது. சான்றிதழ்கள் பலவகை. இயற்கை வேளாண்மைச் சான்று என்றால் செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் கூடவே கூடா; காப்பி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலமே மூன்றாண்டு. பச்சைத் தவளை முத்திரை கொண்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று உரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. ஆனால் கொடிய நஞ்சுகளை விலக்குகிறது. காட்டை அழிக்கக்கூடாது, நிழல் மரங்களைக் காக்க வேண்டும், கழிவுநீர் ஓடையில் கலக்கக்கூடாது, பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது, கூலி சட்டப்படி தர வேண்டும், வேலையாட்களுக்குக் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும், மருந்தடிப்பவருக்குக் காப்புடை வேண்டும் என்பவை அதன் விதிகள். நியாய வணிகச் சான்றோ விலையைக் கவனிக்கிறது. பக்குவப்படுத்திய அரபிக்கா காப்பி ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 1.80 டாலருக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2023-இல் அது வரையறுத்தது. அதற்கு மேல் ஊர் நன்மைக்கென 20 சென்ட் தனியாக வரும்.

ஒரு முதியவர் உடனே எழுந்தார். "சந்தையிலே இப்போ அதைவிடக் கூடத்தானே போகுது? பிறகு எதுக்கு இந்தச் சான்று?" நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிக்கா விலை பவுண்டுக்கு 4 டாலரையும் தாண்டியது உண்மைதான். ஆனால் 2001-இல் அதே காப்பி அரை டாலருக்கும் கீழே விழுந்ததே! செடியைப் பிடுங்கலாமா என்று பலர் தவித்த ஆண்டுகள் அவை. அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைகள் எல்லாம் அதை நினைத்து அசைந்தன. வெள்ளம் வந்தபின் கரை கட்ட முடியாது.

அடுத்த கேள்வி உபதேசியாரின் மகனிடமிருந்து வந்தது. "செலவு யார் கொடுக்கிறது? சோதனை செய்ய வர்ற ஆளுக்குக் கொடுக்கிற பணத்திலே என் வருஷ வருமானமே போயிடும்."

தனி ஒருவராகப் போனால் அப்படித்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதனால்தான் குழு. நூறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தால், குழுவே தன் உறுப்பினர் ஒவ்வொருவரின் தோட்டத்தையும் ஆண்டுதோறும் பார்வையிட்டுக் குறித்துவைக்கும். வெளியிலிருந்து வரும் சோதனையாளர், உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவு தோட்டங்களை மட்டும் பார்ப்பது பல திட்டங்களில் நெடுநாள் வழக்கம். நூறு பேருக்குப் பத்துத் தோட்டம். செலவு நூறாகப் பிரியும். ஆனால் எந்தப் பத்து என்று முன்கூட்டித் தெரியாது. ஒருவர் விலக்கப்பட்ட மருந்தை ஒளித்து அடித்திருந்தால், அந்தக் குற்றம் நூறு பேரின் சான்றையும் கவிழ்த்துவிடலாம்.

அதைக் கேட்டதும் முற்றத்தில் ஓர் அமைதி. பக்கத்துத் தோட்டக்காரரை நம்புவதா என்பதுதான், உரச்செலவைவிடவும் பெரிய கேள்வியாக எல்லார் மனத்திலும் எழுந்தது போலும்.

அப்போதுதான் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன்; நடந்த கதை.

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில் ஒஹாக்கா என்னும் மலை மாநிலம். அங்கே பூர்வகுடி மக்கள் நம்மைப் போலவே நிழல் மரங்களின் கீழ்க் காப்பி பயிரிட்டார்கள். இடைத்தரகர்கள் வைத்ததே விலை. அவர்களைக் 'கொயோட்டே', அதாவது ஓநாய் இனத்து விலங்கு, என்றே மக்கள் அழைத்தார்கள். 1980-ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் வான் டெர் ஹாஃப் என்னும் டச்சுக் குருவானவர் அம்மலைக்குச் சென்று, அவர்களோடு தாமும் மண்ணில் உழைத்து வாழ்ந்தார். அம்மக்கள் கூடி உட்கார்ந்து, ஒரு கிலோ காப்பிக்குத் தாங்கள் செலவிடுவது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். போட்டதும் கண் திறந்தது. 1983-இல் 'உசிரி' என்னும் கூட்டுறவு அமைப்பு பிறந்தது. தாங்கள் கேட்பது தருமம் அன்று, உழைப்புக்கேற்ற விலை என்பதே அவர்களுடைய நிலை. அந்தக் குருவானவரும், ஹாலந்தில் தொண்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய நிக்கோ ரோசன் என்பவரும் சேர்ந்து, 1988-இல் 'மாக்ஸ் ஹவெலார்' என்னும் முத்திரையை உருவாக்கினார்கள். ஜாவாத் தீவில் காப்பி விளைவித்த ஏழைகள் பட்ட கொடுமையைச் சொன்ன 1860-ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் பெயர் அது. இன்று உலகெங்கும் காணும் நியாய வணிக முத்திரைகளுக்கு அதுவே முன்னோடி. அந்தக் குருவானவர் 2024-இல் இறைவனடி சேர்ந்தார்.

"அங்கேயும் தொடக்கத்தில் ஒருவரையொருவர் நம்பத் தயங்கத்தான் செய்திருப்பார்கள். ஒரே தராசில் தங்கள் காப்பியைச் சேர்த்து நிறுக்கத் துணிந்தபோதுதான் வழி பிறந்தது" என்று முடித்தேன்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர்கள் இவ்வாறே கூடி இயற்கைமுறைக் காப்பிக்குப் பெயர் ஈட்டியிருக்கிறார்கள். 2017-இல் பாரிஸ் நகரிலேயே அதற்குக் கடை திறக்கப்பட்டது. இன்னொன்றும் சொன்னாள். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பியைத் தங்கள் நாடுகளில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அதைச் செயற்படுத்தும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைக்கப்பட்டது. எனினும் போக்கு எத்திசையில் என்பது தெளிவு. நம் நாட்டுக் காப்பியில் பெரும்பகுதி அயல்நாடுகளுக்கே போகிறது. அதிகம் வாங்குவது இத்தாலி. தோட்டம் எங்கே, மரம் எத்தனை, மருந்து என்ன என்று எழுதிவைத்தவனுக்கே நாளை சந்தைக் கதவு எளிதில் திறக்கும்.

குறைகளையும் அவள் மறைக்கவில்லை. சான்று பெற்ற காப்பி முழுவதும் கூடுதல் விலைக்கு விற்கும் என்று உறுதி இல்லை. வாங்குவோர் கிடைத்தால்தான் விற்கும். இயற்கை முறைக்கு மாறும் முதல் ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம். எழுத்து வேலை அதிகம். "ஆனா பெரியவங்களே, இதிலே கேட்கிறதுல பாதிக்கு மேலே நீங்க ஏற்கெனவே செய்றதுதானே? செய்றதை எழுதிவைக்கலை, அவ்வளவுதான்" என்றாள்.

அந்த ஒரு சொல் என் நெஞ்சில் தைத்தது. சான்றிதழ் என்பது புதிதாக எங்கிருந்தோ வரும் பட்டம் அன்று. பாட்டன் காலம் முதல் மரத்தைக் காத்து, மண்ணைக் காத்து, கூலிக்காரரை மனிதராக நடத்திவந்த உழவனின் நேர்மைக்கு எழுத்தில் தரப்படும் சாட்சியம் அது. சாட்சியம் உண்மையாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது நாம் சிறுவயது முதல் அறிந்த கட்டளையல்லவா?

மூன்றாம் நாள் காலை, கூட்டத்திற்கு வந்திருந்த பெண் உபதேசியாரின் தோட்டத்தையும் வந்து பார்த்தாள். சில்வர் ஓக் ஓரிடத்தில் மிகவும் நெருங்கி நிற்கிறது. நிழல் மிகுந்தாலும் பூ குறையும். அவற்றில் சிலவற்றை எடுப்பது தோட்டத்துக்கே நல்லது என்றாள். ஆனால், மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையாக அனுமதி பெற்றபின்தான் வெட்ட வேண்டும். காட்டு மரங்களையோ தொடவே கூடாது. வெட்டவெளியில் முள்முருங்கைக் கொம்பு ஊன்றி, உடனே நிழல் உண்டாக்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் ஒரு பாதி, இந்த ஆண்டு மிளகு ஒரு பாதி என்று தந்தையும் மகனும் திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டார்கள். பத்து நாட்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று பாட்டியம்மாள் என் காதில் சொன்னார்.

"குழுவிலே சேர்றேன் சாமி. ஆனா மூணு வருஷம் பார்ப்பேன். சரிப்படலைன்னா விலகிடுவேன்" என்றார் மகன். நான் அவரை வற்புறுத்தவில்லை. இழந்தால் இழப்பு அவருடையது. சோறு அவர் பிள்ளைகளுடையது. அந்த எச்சரிக்கை நியாயமானதே.

பேருந்துக்குப் புறப்படும் வேளையில், பேத்தி ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் மரங்களின் பட்டியல்: காட்டு மரம் பதினேழு, பலா ஆறு, ஆரஞ்சு இரண்டு. அடுத்த பக்கத்தில் அன்று பறித்தவர்களின் பெயரும் கூலியும். "நான் காலேஜுக்குப் போனப்புறம் தம்பி எழுதுவான் சாமி. அவன் எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற சிறுவன் முறைத்தான்.

அன்பான வாசகர்களே, உங்களில் சிலருக்கு மலையில் தோட்டம் இருக்கலாம். உங்கள் ஊரில் குழு இருந்தால் கேள்விகளைக் கேளுங்கள், தயங்காமல், எல்லாவற்றையும் கேளுங்கள், பிறகு சேருங்கள். குழு இல்லையேல், காப்பி வாரியத்தின் அலுவலகத்தை அணுகி வழி கேளுங்கள். எதுவும் இயலாதபோதும், இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போடுங்கள். மற்றவர்கள், என்னைப் போலக் குடிக்க மட்டும் தெரிந்தவர்கள். கடையில் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது, அது எங்கே எவ்வாறு விளைந்தது என்று ஒரு முறையேனும் கேட்போம். கேட்பார் இருந்தால்தான், எழுதிவைப்பவனின் உழைப்புக்கு விலை கிடைக்கும்.

மலையிறங்கும் பேருந்தில் என் மடியில் உபதேசியார் வீட்டுக் காப்பித்தூள் ஒரு பொட்டலம். இதை எழுதும் இந்தக் காலையிலும் அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். அது யாருடைய நிழலில் விளைந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.